யாதகிரியிடம் சொல்லாமல் இதை அழிக்காதே

போன மாதம் ஒரு காலையில் ஹாரிகா போன் செய்தாள். பாலாநகரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது என் நாற்காலியில் உட்காரும் இன்ஜினியர். ரிட்டயர் ஆனவளுக்கு ஆபீசிலிருந்து போன் வந்தால் இரண்டே காரணம்தான். ஏதோ பாஸ்வேர்டு தெரியவில்லை, அல்லது யாரோ செத்துவிட்டார்கள். இது இரண்டும் இல்லை.

"மேடம், அசெம்பிளியில யாதகிரின்னு யாராவது இருந்தாங்களா? ஹெச்.ஆர்.ல கேட்டா அப்படி யாரும் இல்லைன்றாங்க."

"அவரு உனக்கு எதுக்கு?"

"கம்பைல் எரர்ல அவர் பேரு வருது மேடம்."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஹாரிகா தெலுங்கில்தான் பேசினாள். எங்கள் ஆபீசில் தெலுங்கு, ஹைதராபாத் இந்தி, இங்கிலீஷ் மூன்றையும் பிசைந்துதான் எல்லோரும் பேசுவோம். நான் தமிழில் எழுதுகிறேன், வேறு வழியில்லை.

பழைய டெஸ்ட் பெஞ்ச் ஒன்றுக்குப் புது கர்னல் போடுகிறாளாம். கம்பைல் நடுவில் நின்றுவிட்டதாம். இப்போது எரரை அப்படியே காப்பி செய்து ஏ.ஐ.யிடம் கேட்பதுதான் வழக்கம். கேட்டிருக்கிறாள். அந்த வரியை அழித்துவிட்டால் கம்பைல் ஆகிவிடும் என்று அது பதில் சொல்லியிருக்கிறது. அழிக்கப் போனவள் வரியை ஒருமுறை படித்துப் பார்த்திருக்கிறாள். 'அசெம்பிளி யாதகிரியிடம் சொல்லாமல் இதை அழிக்காதே' என்று இருந்திருக்கிறது.

"யாரு மேடம் இவ்வளவு முரட்டுத்தனமா எழுதினது?"

"நான்தான்."

அவளுக்கு யாதகிரியின் நம்பரைக் கொடுத்தேன். எங்கள் திருமுல்கேரி தமிழ்ச் சபையின் பத்திரிகைக்காரர்கள் ரொம்ப நாளாக, "அக்கா, உங்க வேலை அனுபவத்தை எழுதுங்க" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் எழுதினார், டீச்சர் எழுதினார், கம்ப்யூட்டரில் எரர் திருத்தினவள் என்ன எழுதுவது என்று தட்டிக் கழித்து வந்தேன். இப்போது எழுத ஒன்று கிடைத்துவிட்டது.

முதலில் கர்னல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். கம்ப்யூட்டரில் நாம் பார்க்கிற புரோகிராம்களுக்கும் அடியில் இருக்கிற இயந்திரத்துக்கும் நடுவில் நின்று வேலை வாங்குகிற மென்பொருள்தான் கர்னல். கம்ப்யூட்டரில் ஒரு தனிக் கார்டைச் செருகினால், அதை இயக்க டிரைவர் என்று ஒரு சின்னப் புரோகிராம் வேண்டும். டிரைவர் கர்னலோடு ஒட்டிக்கொண்டு ஓடும். கர்னலை மாற்றினால் டிரைவரையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், அதாவது நாம் எழுதியதை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும். கர்னல் எழுதுகிறவர்கள் நம்மைக் கேட்டு எதையும் மாற்றுவதில்லை. ஒன்றின் பெயரை மாற்றுவார்கள், ஒன்றை இடம் மாற்றுவார்கள், ஒன்றைத் தூக்கியே எறிந்துவிடுவார்கள். நம் டிரைவர் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடும். கம்பைலர் உடனே நின்று, அப்படி இங்கே ஒருவரும் இல்லை என்று திட்டும். அதுதான் கம்பைல் எரர்.

எனக்குப் பிடித்த திட்டு அது. முகத்துக்கு நேரே திட்டும். எந்த ஃபைல், எந்த வரி என்று சொல்லித் திட்டும். அந்த அளவுக்கு நேர்மையான மேனேஜர் எனக்கு ஒருவர்தான் வாய்த்தார்.

என் படிப்புக் கதையில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. அப்பா செகந்திராபாத் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். நான் பாலிடெக்னிக் படித்து, பாலாநகரில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, மாலை வகுப்பில் டிகிரி முடித்து, சோல்டரிங் இரும்பைக் கீழே வைத்துவிட்டுக் கீபோர்டுக்கு வந்தேன். அவ்வளவுதான்.

கம்பெனி செய்தது எரிபொருள் வால்வு. மின்சாரம் கொடுத்தவுடன் திறக்க வேண்டும். நாற்பது மில்லிசெகண்டுக்குள் திறந்தால் பாஸ், தாண்டினால் ஃபெயில். மில்லிசெகண்ட் என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதை அளக்கிற டெஸ்ட் பெஞ்சும் அதன் டிரைவரும் எங்கள் பிரிவின் பொறுப்பு.

பிரிவின் தலைவர் பத்மஜா மேடம். குள்ளம். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. மேஜையில் எப்போதும் ஒரு ஸ்டீல் பாட்டிலில் மோர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் குரலைத் தாழ்த்தி அவர் கேட்டதில்லை.

முதல் தடவை நான் கர்னல் மாற்றியபோது எரர் கொட்டியது. ஸ்கிரீன் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கீபோர்டைக் குத்திக்கொண்டிருந்தேன். மேடம் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"என்ன எரர், எஸ்தர்?"

"என்ன எரரா? ஸ்கிரீன் பூரா எரர் மேடம்."

"ஸ்கிரீனை யாரு கேட்டா? முதல் எரர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. அது எப்போதோ மேலே ஓடிப்போயிருந்தது. அவர் தன் மேஜைக்குப் போய் ஒரு பழைய காக்கி அட்டைக் கோப்பை எடுத்து வந்தார். என்னை மேலே ஸ்க்ரோல் செய்யச் சொன்னார். முதல் எரர் மட்டும் தெரியும்படி அட்டையை ஸ்கிரீன் மேல் வைத்து, கீழே இருந்ததையெல்லாம் மறைத்துவிட்டார்.

"இதைப் படி. சரி பண்ணு. மறுபடி கம்பைல் பண்ணு. கீழ இருக்கறது எல்லாம் இது போட்ட குட்டிங்க. தாய் போனா பாதி தானா போயிடும்."

சின்னப் பிள்ளைக்குச் செய்வதைப் போல எனக்குச் செய்கிறாரே என்று கோபம் வந்தது. ஆனால் அந்த முதல் எரரைத் திருத்தியதும் முக்கால்வாசி ஸ்கிரீன் காலியானது. அதன் பிறகு அந்த அட்டையை நான் திருப்பித் தரவே இல்லை.

அவருடைய இன்னொரு பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நாங்கள் எழுதுகிற சி மொழியில், எரரை நாமே எழுதி வைக்கலாம். இன்ன நிலைமை என்றால் நில், நின்று இந்த வாக்கியத்தைச் சொல் என்று கம்பைலருக்குக் கட்டளை கொடுக்கலாம். எதையாவது இப்படித்தான் இருக்கும் என்று நம்பி நாங்கள் எழுதினால், உடனே அந்த நம்பிக்கையை ஓர் எரராக எழுதி வைக்கச் சொல்வார்.

வால்வு டிரைவரை நான் டைப் செய்ய, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். கர்னலுக்குள் ஒரு கடிகாரத் துடிப்பு உண்டு. எங்கள் பெஞ்சில் அது நொடிக்கு ஆயிரம். இரண்டு துடிப்புக்கு ஒரு தடவை, அதாவது இரண்டு மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை, டிரைவர் வால்வு திறந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்கும். அந்த இடத்தில் மேடம் நிறுத்தினார்.

"ஆயிரம்னு நம்பித்தானே இதை எழுதறோம்? அதை எரரா போடு."

"கமென்ட்ல எழுதிடறேனே மேடம்." கமென்ட் என்பது கம்பைலர் கண்டுகொள்ளாத, ஆட்கள் படிப்பதற்கான குறிப்பு.

"கமென்ட்டை யாரு படிக்கறா? நீ படிச்சிருக்கியா?"

படித்ததில்லை. "இந்த ஆயிரம் மாறவே மாறாது மேடம்" என்றேன்.

"நாம இருக்கற வரைக்கும் மாறாது. நாம இங்கயேவா இருக்கப் போறோம்?"

எரிச்சலோடு டைப் செய்தேன். 'நொடிக்கு ஆயிரம் துடிப்பு இல்லாத கர்னலில் இதைக் கம்பைல் செய்யாதே. வால்வு நேரம் பொய்யாகும்.' இங்கிலீஷில், பெரிய எழுத்தில்.

மேடம் ரிட்டயர் ஆகி ராஜமுந்திரிக்குப் போனார். டெஸ்டுக்கும் அசெம்பிளிக்கும் சேர்த்து ஒரு புது மேனேஜர் வந்தார். என்னை வேறு பெஞ்சுக்கு மாற்றினார். சில வருடம் கழித்து வால்வு பெஞ்சின் கம்ப்யூட்டர் செத்தது. புதுக் கம்ப்யூட்டரைப் பழைய கர்னலுக்கு அடையாளமே தெரியவில்லை. புது கர்னல் போட்டே ஆக வேண்டும். அந்த வேலையை ஒப்பந்தக் கம்பெனியிலிருந்து வந்த வினீத்திடம் கொடுத்தார்கள். கெட்டிக்காரப் பையன். சட்டென்று முடித்துவிட்டான்.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவர் ஓர் எரரும் இல்லாமல் கம்பைல் ஆனால், முடித்தவர் எல்லோருக்கும் உஸ்மானியா பிஸ்கட் வாங்க வேண்டும். வினீத் வாங்கினான். மேனேஜர் மீட்டிங்கில் 'ஜீரோ எரர்' என்று பெரிதாக எழுதிக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். சரிபார்க்க வைத்திருந்த மாதிரி வால்வைப் போட்டுப் பார்த்தார்கள், பாஸ். அது அடக்கமாக இருபது மில்லிசெகண்டிலேயே திறக்கிற வால்வு, எப்படி அளந்தாலும் பாஸ்தான் ஆகும். அது யாருக்கும் உறைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் வால்வுகள் ஃபெயில் ஆக ஆரம்பித்தன.

யாதகிரி அசெம்பிளிப் பிரிவின் சார்ஜ்மேன். வால்வைக் கோத்து முடுக்கி அனுப்புவது அவர் ஆட்கள். அவருக்கும் எனக்கும் அப்போது பேச்சு இல்லை. ஒரு நின்றபடி சுழலும் ஃபேன் அசெம்பிளிக்குச் சொந்தமா டெஸ்டுக்குச் சொந்தமா என்று சண்டை போட்டு நிறுத்தியிருந்தோம். அப்படிப்பட்டவர் ஒரு நாள் வால்வைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார்.

"ஏம்மா எஸ்தர், காலையில பாஸ் போட்ட வால்வை மத்தியானம் உங்க பெஞ்ச் ஃபெயில் போடுது. கைக்கு?"

கைக்கு என்றால் எங்கள் ஊரில் ஏன் என்று அர்த்தம்.

"அது என் பெஞ்ச் இல்ல இப்ப. வினீத்தைக் கேளுங்க."

"அவன் ஜீரோ எரர்ன்றான். அப்ப என்ன, சாப்பாட்டு நேரத்துல இந்த வால்வு வெளிய போயி கெட்டுப்போயிட்டு வந்துச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், ஃபேன் ஞாபகம் வந்ததால்.

மேனேஜர் முடிவு செய்துவிட்டார். ஒரு தடவை பாஸ், ஒரு தடவை ஃபெயில் என்றால் வால்வுக்குள் இருக்கிற ரப்பர் சீல் ஒட்டுகிறது, சீல் ஒட்டினால் அசெம்பிளி சரியில்லை. அசெம்பிளி வேலையை வெளியே கொடுப்பது, யாதகிரியை ஸ்டோர்ஸுக்கு மாற்றுவது. எங்கள் கம்பெனியில் ஸ்டோர்ஸ் என்றால் ஆளை உயிரோடு அலமாரியில் வைப்பது. அசெம்பிளியில் ஒவ்வொரு ஆளையும் அவரே பழக்கி, ஒவ்வொரு ஸ்பானரையும் அவரே தேர்ந்தெடுத்து உருவாக்கிய பிரிவு அது. அவருக்கு ரிட்டயர்மென்ட் பக்கத்தில் இருந்தது. கெட்ட வால்வு கட்டினவன் என்ற பெயரோடு போக வேண்டியிருக்கும்.

மீட்டிங்கில் மேனேஜர் இதைச் சொன்னபோது யாதகிரி வாயே திறக்கவில்லை. அந்த மனிதர் வாய் மூடி நான் பார்த்த ஒரே நாள் அது. எனக்கு அது பொறுக்கவில்லை.

"சாஃப்ட்வேரைப் பார்த்தீங்களா சார்?" என்றேன்.

"பார்த்தாச்சு எஸ்தர். ஜீரோ எரர். கம்பைல் கிளீன்."

"கம்பைல் ஆச்சுன்னா இலக்கணம் சரின்னு அர்த்தம் சார். சொன்னது உண்மைன்னு அர்த்தம் இல்ல."

"அப்ப நீங்களே பார்த்துச் சொல்லுங்க. திங்கட்கிழமை ஆர்டர் போடறேன்."

வெளியே வராந்தாவில் யாதகிரி என்னை நிறுத்தினார். "எனக்காக நீ ஒண்ணும் பேச வேணாம். நக்கோ."

"உங்களுக்காக யாரு பேசினா? நான் டைப் பண்ணின டிரைவர் பொய் சொல்லுதான்னு எனக்குத் தெரியணும். போய் வேலையைப் பாருங்க."

அந்த ஃபெயில் ஆன வால்வுகளை ஒரு டிரேயில் போட்டு, ஒரு துணியால் மூடி, சத்தமில்லாமல் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் வினீத்திடம் போனேன். "நீ கிளியர் பண்ணின எரர் எல்லாம் எனக்குத் திரும்ப வேணும்."

"எரர் வேணுமா மேடம்?" பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நிறைய பேர் கிளியர் பண்ணத்தான் சொல்வாங்க."

"நான் நிறைய பேர் இல்ல. கொண்டா."

அவன் திருத்திய டிரைவரை நான் தொடவில்லை. அதில் தேடி என்ன பயன்? அது சுத்தமாகக் குளிப்பாட்டிப் பவுடர் போட்ட பிணம். மேடமும் நானும் எழுதிய பழைய டிரைவரை எடுத்து, புது கர்னலில் அப்படியே கம்பைல் செய்தேன். எரர் கொட்டியது. மனசுக்கு நிம்மதியாக இருந்தது. மேஜை டிராயரிலிருந்து காக்கி அட்டையை எடுத்து ஸ்கிரீனில் வைத்தேன். வினீத்தைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

முதல் எரர்: ஒரு ஃபைல் இல்லை. புது கர்னலில் அதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். வினீத் சரியாகத்தான் திருத்தியிருந்தான். நானும் அதையே செய்து மறுபடி கம்பைல் செய்தேன். அடுத்து: மூன்று தகவல் கொடுக்கிறாய், எனக்கு இரண்டு போதும். அதையும் சரியாகத் திருத்தியிருந்தான். மறுபடி கம்பைல். அடுத்து: நீ கூப்பிடுகிற பெயரில் இப்போது யாரும் இல்லை. அதுவும் சரி. மறுபடி கம்பைல். இப்படி ஒவ்வொன்றாக, குறுக்கு வழி இல்லாமல், அட்டையைத் தூக்காமல் வந்தோம். பையனின் வேலை ஒழுங்காகத்தான் இருந்தது. எனக்கே சந்தேகம் வந்தது, நிஜமாகவே சீல்தான் ஒட்டுகிறதோ என்று.

டிரைவரின் கடைசிப் பகுதிக்கு வந்தோம். எட்டிப் பார்க்க நேரம் குறிக்கிற இடம். புது கர்னலில் நேரம் குறிக்கிற முறையே வேறு. அந்த எரரைத் திருத்திவிட்டுக் கம்பைல் செய்தேன். அட்டைக்கு மேலே ஒரே ஒரு வரி வந்து நின்றது. அது கம்பைலர் பேசுகிற பாஷை இல்லை. கம்பைலருக்கு வால்வு என்றால் என்ன என்று தெரியாது.

'நொடிக்கு ஆயிரம் துடிப்பு இல்லாத கர்னலில் இதைக் கம்பைல் செய்யாதே. வால்வு நேரம் பொய்யாகும்.'

"இது எங்க போச்சு உன் ஃபைல்ல?"

"அது ஏதோ பழைய செக் மேடம். அந்த இடத்தை முழுசா திருப்பி எழுதினேன். அப்ப எடுத்துட்டேன்."

"படிச்சியா?"

"எரர்னு இருந்துச்சு. எடுத்துட்டேன்."

நான் கத்தியது அசெம்பிளி வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். என்ன சொன்னேன் என்பதைச் சபைப் பத்திரிகையில் எழுத முடியாது. ஆனால் நியாயமாகப் பார்த்தால் அவனிடம் கேட்டது எரரை ஜீரோவாக்கு என்பதுதான். ஆக்கினான். மனுஷன் எழுதிய எச்சரிக்கையும் இயந்திரத்தின் முனகலும் ஒரே மாதிரி சிவப்பு எழுத்தில் வந்தால் அவனுக்கு எல்லாம் குப்பைதான். அதற்குக் கை தட்டி பிஸ்கட் தின்றது நாங்கள்.

புது கர்னலின் அமைப்பைத் திறந்து பார்த்தேன். துடிப்பு நொடிக்கு இருநூற்றைம்பது. அப்படியானால் டிரைவர் இரண்டு மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை பார்க்கவில்லை, எட்டுக்கு ஒரு தடவை பார்க்கிறது. முப்பத்தைந்தில் திறந்த வால்வை அது அடுத்த தடவை எட்டிப் பார்க்கும்போதுதான் கவனிக்கும். அந்த நேரம் நாற்பதைத் தாண்டியிருந்தால் ஃபெயில். எட்டிப் பார்க்கிற வேளை சரியாக அமைந்தால் அதே வால்வு பாஸ். வால்வு சாப்பாட்டு நேரத்தில் எங்கேயும் போகவில்லை.

ராஜமுந்திரிக்குப் போன் செய்தேன். "மேடம், உங்க எரர் கத்தியிருக்கு. இவங்க வாயைப் பொத்திட்டாங்க."

"கத்துச்சில்ல?" என்றார் பத்மஜா மேடம். "போதும்." போனை வைத்துவிட்டார். மோர் குடிக்கப் போயிருப்பார்.

கர்னலையே ஆயிரம் துடிப்புக்கு அமைத்து முழுதாக மறுபடி கம்பைல் செய்தேன். திங்கட்கிழமை காலையில் மேனேஜரை பெஞ்சுக்கு வரச் சொன்னேன். யாதகிரியும் வந்தார். டிரேயின் துணியை அவரே எடுத்தார். வால்வை ஒவ்வொன்றாக அவரே மாட்டினார். பாஸ். அதே வால்வு, மறுபடி. பாஸ். ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் போட்டோம். நேரம் ஒரு மயிரிழைதான் முன்னே பின்னே வந்தது. கடைசியாக ஒன்று மட்டும் ஒவ்வொரு தடவையும் ஃபெயில்.

"அது எங்களுது இல்ல" என்றார் யாதகிரி. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஹவ், ஆமா, எங்களுதுதான். இது நிஜமாவே கெட்டது."

மேனேஜர் என்னைப் பார்த்து, "குட் கேட்ச், எஸ்தர்" என்றார்.

"என்கிட்ட ஏன் சார் சொல்றீங்க? ஸ்டோர்ஸுக்குப் போகச் சொன்னது என்னையா?"

மேனேஜர் கொஞ்சம் சிவந்தார். பிறகு யாதகிரி பக்கம் திரும்பி, சாரி என்று சொன்னார். எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்த மட்டில் அவர் நல்லவர்தான். ஆர்டர் வரவில்லை. யாதகிரி தன் பிரிவிலிருந்தே மாலை போட்டுக்கொண்டு ரிட்டயர் ஆனார்.

அந்தத் திங்கட்கிழமை மாலையே அவர் ஒரு பெரிய பொட்டலம் உஸ்மானியா பிஸ்கட்டோடு எங்கள் அறைக்கு வந்தார். அசெம்பிளியிலிருந்து எங்கள் அறைக்கு யாரும் எதுவும் கொண்டுவந்த சரித்திரம் கிடையாது.

"எரர் இல்லைன்னா பிஸ்கட் வாங்கற ஆளுங்க நீங்க. எரர் கிடைச்சதுக்கு நான் வாங்கறேன். தின்னுங்க." போகும்போது வாசலில் நின்றார். "ஆனா அந்த ஃபேன் எங்களுதுதான்."

மேடத்தின் வரியைப் பழைய இடத்திலேயே திரும்ப வைத்தேன். அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: 'அசெம்பிளி யாதகிரியிடம் சொல்லாமல் இதை அழிக்காதே.' வினீத் எட்டிப் பார்த்தான். "கோடுக்குள்ள ஆளு பேரெல்லாம் போடலாமா மேடம்?"

"வால்வுன்னு எழுதினா நீ படிக்கல. ஆளு பேரு இருந்தாலாவது எவனாவது படிப்பான்."

நான் சொன்னது சரியாகிவிட்டது. ஹாரிகா படித்தாள். அவள் போட்ட புது கர்னலிலும் துடிப்பு இருநூற்றைம்பதுதான் இருந்திருக்கிறது. அதை ஆயிரமாக்கியதும் டிரைவர் சாதுவாகக் கம்பைல் ஆகிவிட்டதாம். வரி இருக்கிற இடத்தில் இருக்கிறது.

ஹாரிகா என்னைக் கூப்பிட்ட அன்று சாயங்காலம் யாதகிரி போன் செய்தார்.

"ஏம்மா எஸ்தர், உங்க எரர் என் வீடு வரைக்கும் வந்துருச்சு. யாரோ ஒரு பொண்ணு போன் பண்ணி, சார், இந்த வரியை எடுக்கலாமான்னு கேக்குது. நக்கோ, எடுக்காதன்னு சொல்லிட்டேன். சரிதானே?"

"சரிதான். அது என்ன வரின்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. என் பேரு இருக்குல்ல? இருந்துட்டுப் போகட்டும்."